செவலை வராத இரவு

2010 வாக்கில் வேளச்சேரியில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்துத் தங்கியிருந்தோம். சனிக்கிழமை இரவு சாப்பாடு முடிந்ததும் ஹாலில் பாயை விரித்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட உட்காருவோம். சில வாரம் விடிந்துவிடும். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த 3.5 பதிப்பின் விதிகளை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்து வைத்திருந்தோம். அமெரிக்கா போய்வந்த ஒருவன் கொண்டுவந்த ஒரே ஒரு செட் டைஸ்தான் மொத்தப் பேருக்கும். நான்தான் டிஎம். அதாவது கதையின் உலகத்தையும் எதிரிகளையும் வழிப்போக்கர்களையும் நடத்துகிறவன். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டர். எல்லாம் வாயால் பேசியேதான் ஆடுவது. நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் 20 பக்க டைஸ் பதில் சொல்லும்.

கேரக்டரின் விவரம் எழுதும் ஒவ்வொரு ஷீட்டிலும் அலைன்மெண்ட் என்று ஒரு கட்டம் உண்டு. அவன் மனப்போக்கு எந்தப் பக்கம் என்று சொல்வது. லாஃபுல் (முறைக்குக் கட்டுப்பட்டவன்), நியூட்ரல் (நடுவில் நிற்பவன்), கேயாட்டிக் (எதற்கும் கட்டுப்படாதவன்) என்று ஒரு வரிசை. குட் (நல்லவன்), நியூட்ரல், ஈவில் (கெட்டவன்) என்று இன்னொரு வரிசை. இரண்டிலும் ஒவ்வொன்றை எடுத்துச் சேர்த்தால் மொத்தம் ஒன்பது. பலருக்கு அது ஒருமுறை நிரப்பிவிட்டு மறந்துபோகிற கட்டம். ஆனால் 3.5இல் சில கிளாஸ்களுக்கு, அதாவது கேரக்டர் வகைகளுக்கு, அதுதான் வாசற்படி. மாங்க் என்ற துறவி லாஃபுல் ஆக இருந்தே தீரவேண்டும். பார்பேரியன் என்ற முரட்டு வீரன் லாஃபுல் ஆக இருக்கவே கூடாது. பாலடின் லாஃபுல் குட் மட்டும்தான். பாலடின் என்பவன் தெய்வ அருள் பெற்ற வீரன். பொய் சொல்லக்கூடாது, விஷம் தடவக்கூடாது, கஷ்டப்படுகிறவர்களைப் பார்த்துவிட்டுப் போகக்கூடாது, ஈவில் ஆட்களோடு தெரிந்தே சேரக்கூடாது. மனமறிந்து ஒரே ஒரு தீச்செயல் செய்தாலும் சக்தி மொத்தமும் போய்விடும்.

எங்கள் பாலடினை ஆடியவன் ஐந்து பேரில் அதிகம் பேசாதவன். கேரக்டருக்கு மாறன் என்று பெயர் வைத்திருந்தான். 5ஆம் லெவலில் பாலடினுக்கு ஒரு தெய்வீகக் குதிரை கிடைக்கும். கூப்பிட்டால் வந்து நிற்கும். லெவலுக்கு 2 மணி நேரம் வீதம் நாளுக்கு 10 மணி நேரம் கூடவே இருக்கும். அதற்கு அவன் செவலை என்று பெயர் வைத்தான். ஊரில் அவன் தாத்தா வீட்டில் இருந்த வண்டிமாட்டின் பெயராம். ஷீட்டின் ஓரத்தில் பென்சிலால் குதிரையை வரைந்திருந்தான், நெற்றியில் ஒரு சுழியோடு. ஒவ்வொரு வாரமும் அந்தப் படத்தில் ஏதாவது கூடியிருக்கும். ஒரு வாரம் சேணம், ஒரு வாரம் கழுத்துமணி.

கடத்தப்பட்ட பிள்ளைகளைத் தேடி ஒரு மலைக்குகைக்குள் போயிருந்தார்கள். சண்டை முடிந்தபோது எதிரிகளில் ஒரு கோப்ளின், அதாவது ஒரு குட்டிப் பூதம், மட்டும் மிச்சம். அது ஈட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தூக்கியது. "பிள்ளைங்க எங்கன்னு சொல்லு, உன்னை விட்டுடறேன்" என்றான் மாறன். அது சொன்னது. உடனே ரோக் என்ற திருடன் கேரக்டரை ஆடியவன், "விட்டா நேரா போய் மத்ததுங்ககிட்ட சொல்லிடும்டா" என்றான். மாறன் ஷீட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "சரி, வெட்டிடறேன்" என்றான்.

நான் ஒரு நொடி பேசாமல் இருந்தேன். அந்த ஒரு நொடிக்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

என்ன நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. சரணடைந்த ஒருவனை, வாக்குக் கொடுத்த பிறகு வெட்டினால் பாலடினுக்கு என்ன ஆகும் என்ற பக்கம் என் மடியிலேயே இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. "வெட்டிட்ட" என்று மட்டும் சொன்னேன். குகையை விட்டு வெளியே வந்ததும் அவன் குதிரையைக் கூப்பிட்டான். "செவலை வரலை" என்றேன். தூரத்தில் மேய்கிறது போலிருக்கிறது என்று நினைத்து மறுபடி கூப்பிட்டான். வரவில்லை. அடிபட்டிருந்த க்ளெரிக்கை, அதாவது பூசாரி கேரக்டரை, தொட்டுக் காயம் ஆற்றப் பார்த்தான். கையில் ஒன்றும் இல்லை. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. "கோப்ளின் ஈவில்தானே? போன வாரம் நான்தானே டிடெக்ட் பண்ணிப் பார்த்தேன்? அந்தப் பிள்ளைங்களுக்காகத்தானே செஞ்சேன்?" என்றான். நான் விதியைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

இரண்டு மணி நேரம் வாக்குவாதம். விதிப்படி நான் சொன்னது சரி. பரிகாரத்துக்கும் விதியில் வழி இருந்தது. அட்டோன்மெண்ட் என்று ஒரு 5ஆம் நிலை மந்திரம், க்ளெரிக்கோ ட்ரூயிடோ 9ஆம் லெவலாவது எட்டியிருந்தால்தான் போட முடியும். தெரிந்தே செய்த தவறுக்கு என்றால், போடுகிறவர் தன் அனுபவப் புள்ளிகளில் 500ஐ இழக்க வேண்டும். எங்கள் ஆட்கள் எல்லாம் 5ஆம் லெவல். ஆகவே தூரத்து ஊரில் இருக்கும் ஒரு பெரிய பூசாரியைத் தேடிப் போவது என்று கதையை மாற்றினேன். நல்ல கதை என்று மனதார நம்பினேன். அவன் இன்னும் இரண்டு வாரம் வந்தான். மூன்றாவது வாரம் ஷிஃப்ட் மாறிவிட்டது என்றான். அப்புறம் வீடும் மாறிப் போய்விட்டான். குதிரைப் படம் போட்ட ஷீட் என் ஃபைலிலேயே தங்கிவிட்டது.

ரொம்ப நாள் எனக்கு அவன்மேல்தான் வருத்தம். ஆட்டத்தை ஆட்டமாக எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டானே என்று. பல மாதம் கழித்து, வேறு எதற்கோ அந்த ஸ்பைரல் புத்தகத்தைப் புரட்டியபோது மந்திரப் பொருள்களின் பட்டியலில் ஒன்று கண்ணில் பட்டது. ஃபிலாக்டரி ஆஃப் ஃபெய்த்ஃபுல்னெஸ். நெற்றியில் கட்டிக்கொள்கிற ஒரு சிறு பேழை, விலை 1,000 தங்கக் காசு. அதைக் கட்டியிருப்பவர் ஒரு காரியத்தைச் செய்யுமுன் ஒரு கணம் யோசித்தால், அது தன் அலைன்மெண்டுக்கோ தன் தெய்வத்தின் முன் தன் நிலைக்கோ பங்கம் விளைவிக்குமா என்று தெரிந்துவிடும்.

அதைப் படித்ததும் அடிவயிறு கலங்கியது. மாறன் சின்ன வயதிலிருந்து ஒரு கோவிலில் வளர்ந்தவன். சரணடைந்தவனை வெட்டக்கூடாது என்பது அவனுக்கு உடம்பில் ஊறியிருக்கும். அவனை ஆடுகிற என் நண்பனோ ஒரு சாஃப்ட்வேர் டெஸ்டர். ராத்திரி ஒன்றரை மணி, அரைத் தூக்கம், பக்கத்தில் ஒருவன் அவசரப்படுத்துகிறான். கேரக்டருக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கிற ஒன்று ஆட்டக்காரனுக்கு எட்டவில்லை. இரண்டுக்கும் நடுவில் பாலமாக இருக்கவேண்டியவன் டிஎம். நான் பாலத்தை எடுத்துவிட்டுக் குழியைக் காட்டினேன்.

அன்றிலிருந்து எந்த டேபிளில் உட்கார்ந்தாலும் அந்தப் பேழை சொல்வதை நான் இலவசமாகவே சொல்லிவிடுகிறேன். "செய்யாதே" என்று சொல்வதில்லை, அது அவர்கள் முடிவு. "மாறனுக்கு இது தெரியும்: இதைச் செஞ்சா அவன் செஞ்ச சத்தியம் உடையும். அவன் கையில கத்தி இருக்கு, குருவோட முகம் ஞாபகம் வருது. என்ன பண்றான்?" என்று கேட்பேன். அதற்குப் பிறகும் வெட்டினால், அது ஆட்டக்காரர் எடுத்த முடிவு. அதில் வருகிற வீழ்ச்சி அவருக்குச் சொந்தம். இப்படிக் கேட்க ஆரம்பித்த பிறகு நான் பார்த்தது, ஏறக்குறைய எல்லாருமே ஒருமுறை நிற்கிறார்கள். சிலர் மேலே போகிறார்கள், முழு மனதோடு. அந்த இரவுகளைத்தான் வருடக்கணக்கில் பேசிக்கொள்கிறார்கள்.

இப்படி ஒரு கடுமையான தண்டனை ஆட்டத்துக்குள் எப்படி வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் போட்ட முதல் பதிப்பில் குட், ஈவில் என்ற அச்சே கிடையாது. லா, நியூட்ராலிட்டி, கேயாஸ் என்று மூன்றுதான். போர் விளையாட்டிலிருந்து பிறந்த ஆட்டம் என்பதால் அது பெரும்பாலும் நீ எந்தப் படை என்று கேட்பது போல. 1975இல் வந்த கிரேஹாக் என்ற இணைப்பில்தான் பாலடின் முதலில் வருகிறான். கரிஸ்மா என்ற வசீகரத்துக்கான புள்ளி 17ஆவது வேண்டும். மூன்று டைஸை உருட்டி 17 அல்லது 18 விழ 216இல் 4 வழிதான். அவ்வளவு அரிய ஆள். கேயாட்டிக் ஆக ஒரு காரியம் செய்தால் அந்த நிலை போய்விடும், திரும்பக் கிடைக்கவே கிடைக்காது. 1976இல் கைகாக்ஸ் ஒரு கட்டுரையில் நல்லது கெட்டது என்ற இரண்டாவது அச்சைச் சேர்த்தார். 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் ஒன்பது கட்டமும் ஆகிவிட்டது. பாலடின் பத்து மந்திரப் பொருளுக்கு மேல் வைத்துக்கொள்ளக்கூடாது, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தர்மம் செய்ய வேண்டும் என்பதெல்லாமும் அதில் உண்டு.

என் கணிப்பு இது: படை மாறியவனுக்கு வைத்த தண்டனை, நடுவில் சொற்களின் பொருள் மாறியதும், மனசாட்சி தடுமாறியவனுக்கு வைத்த தண்டனை ஆகிவிட்டது. படை மாறினாயா இல்லையா என்று எல்லாருக்கும் தெரியும். மனசாட்சி விஷயத்தில் பாயில் உட்கார்ந்திருக்கும் ஐந்து பேருக்கும் ஐந்து அபிப்பிராயம்.

பின்னால் வந்தவர்கள் ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். 2008இல் வந்த நான்காம் பதிப்பில் ஒன்பது ஐந்தாகச் சுருங்கியது. பாலடின் ஆன பிறகு சக்தி பறிபோவதும் நின்றது. 2014இன் ஐந்தாம் பதிப்பில் கிளாஸுக்கு அலைன்மெண்ட் நிபந்தனையே இல்லை, பாலடினுக்கு ஓத் என்ற சத்தியம் வந்தது. 3.5இலிருந்து கிளைத்த பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு 2023இல் திருத்தி வந்தபோது அலைன்மெண்டையே மொத்தமாக எடுத்துவிட்டு, செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை என்ற பட்டியல்களை மட்டும் வைத்துக்கொண்டது.

இதைப் பார்த்துவிட்டு, கட்டுப்பாடே வேண்டாம், யார் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும் என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. ஒரு கேரக்டர் எதைச் செய்யமாட்டான் என்பதில்தான் அவன் யார் என்று தெரிகிறது. அந்த ராத்திரி நான் கெடுத்தது கட்டுப்பாட்டால் இல்லை, அதைக் கையாண்ட விதத்தால். எங்கள் பாயிலேயே அதற்குச் சாட்சி இருந்தது. 3.5இல் ட்ரூயிட் என்ற, இயற்கையை வழிபடும் பூசாரி, உலோகக் கவசம் போடக்கூடாது. போட்டால், போட்டிருக்கும் நேரமும் கழற்றிய பிறகு 24 மணி நேரமும் மந்திரம் வேலை செய்யாது. அதை விளக்க நான் பத்து வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். அதற்குள் ட்ரூயிட் ஆடியவன், "மாலை போட்டவங்க செருப்பு போடாத மாதிரி, அவ்வளவுதானே?" என்றான். அவ்வளவுதான். அந்த விதியால் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. எது கூடாது என்பது பளிச்சென்று தெரியும். மீறினால் என்ன ஆகும் என்பது முன்பே தெரியும். எப்போது முடியும் என்பதும் தெரியும். ஒரு முறை ஆற்றில் மூழ்கிய தோழனைக் காப்பாற்ற, தெரிந்தே இரும்புக் கவசத்தை மாட்டிக்கொண்டு ஆற்றின் அடிக்கு இறங்கினான். ஒரு நாள் முழுக்க மந்திரம் இல்லாமல் திரிந்தான். அதைப் பெருமையாகவே ஆடினான்.

பாலடினின் விதிக்கு அந்தத் தெளிவு இல்லை. அதிலும் தமிழில் பேசி ஆடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். லாஃபுல் என்பதை நாங்கள் முதலில் சட்டம் என்று எடுத்துக்கொண்டோம். அப்படியானால் கொடுங்கோல் ராஜாவின் சட்டத்துக்கும் மாறன் கட்டுப்பட வேண்டுமா? இல்லை, அறம் என்று வைத்துக்கொள்வோம் என்றால், நம் அறம் என்ற சொல்லுக்குள் முறையும் நன்மையும் சேர்ந்தே கிடக்கின்றன. ஆட்டமோ இரண்டையும் தனித்தனி அச்சில் நிறுத்துகிறது. ஒரு ராத்திரி முழுக்க மனுநீதிச் சோழன் லாஃபுல் குட்டா, லாஃபுல் நியூட்ரலா என்று பேசினோம். கன்றை இழந்த பசுவுக்காகப் பெற்ற பிள்ளையையே தேர்க்காலில் இட்டவன். பசுவின் பக்கம் நின்று பார்த்தால் அவனைப் போல் நல்லவன் இல்லை. பிள்ளையின் பக்கம் நின்றால் முறை என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒன்பது கட்டத்தில் எதிலும் அவனை வைக்க முடியவில்லை. ஆனால் அவன் என்ன செய்வான், என்ன செய்யமாட்டான் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

அங்கேதான் எனக்கு ஒரு பிடி கிடைத்தது. அலைன்மெண்ட் என்றால் விளக்கவேண்டியிருக்கிறது. சத்தியம் என்றால் நம் ஆட்களுக்கு விளக்கவே தேவையில்லை. கையில் அடித்துச் செய்வது, தலையில் அடித்துச் செய்வது, கற்பூரம் அணைத்துச் செய்வது என்று சின்ன வயதிலிருந்து பார்த்தது. அதில் ஒரு விஷயம் விதிப்புத்தகத்தில் இல்லாதது: சத்தியம் எப்போதும் ஒரு ஆளுக்குச் செய்துகொடுப்பது. பாலடினின் விதி யாருக்குக் கொடுத்தது? என் டேபிளில் அது ஷீட்டுக்கும் டிஎம்முக்கும் நடுவில் இருந்தது. அதனால்தான் அது உடைந்தபோது நான் நீதிபதி ஆனேன், அவன் குற்றவாளி ஆனான்.

2016இல் ஐந்தாம் பதிப்பில் புதிதாக ஒரு கதை தொடங்கினோம். புதிய ஆட்கள். பேங்க்கில் வேலை பார்க்கும் ஒரு அக்கா பாலடின் எடுத்தார். முதல் நாள் ஆட்டமே ஆடவில்லை, உட்கார்ந்து பேசினோம். யாருக்கு எது பிடிக்காது, கதையில் எது வரவே கூடாது என்பதெல்லாம் முதலில். இதைச் செஷன் ஜீரோ என்பார்கள். எந்த டேபிளுக்கும் இது இல்லாமல் நான் இப்போது ஆரம்பிப்பதில்லை. பிறகு அக்காவிடம், "அலைன்மெண்ட் கட்டத்தை விட்டுடுங்கக்கா. உங்க பாலடின் எதைச் செய்யவே மாட்டா? மூணே மூணு வரி எழுதுங்க, உங்க வார்த்தையிலேயே" என்றேன். அரைமணி நேரம் அடித்து அடித்து எழுதினார். கடைசியில் வந்தது இது:

"ஆயுதத்தைக் கீழே போட்டவரைத் தொடமாட்டேன். குழந்தை இருக்கிற இடத்தில் தீ வைக்கமாட்டேன். கொடுத்த வாக்கை, வாங்கினவரைக் கேட்காமல் மாற்றமாட்டேன்."

மூன்றாவது வரியைப் படித்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. குகையில் மாறனுக்கு இது இருந்திருந்தால் அவன் அந்தக் கோப்ளினிடம் திரும்பி, "நீ காட்டிக்கொடுப்பேன்னு பயமா இருக்கு, என்ன பண்ணலாம்?" என்று கேட்டிருப்பான். கட்டிப்போட்டுவிட்டுப் போயிருக்கலாம். கூடவே கூட்டிப் போயிருக்கலாம்.

"யாருக்குச் செஞ்சு கொடுக்கறீங்க?" என்று கேட்டேன். அக்கா சுற்றிப் பார்த்துவிட்டு, ரோக் ஆடிய கல்லூரிப் பையனைக் காட்டினார். கதையில் ரோக்கின் உயிரை அவர்தான் காப்பாற்றியதாக இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அவன் கையை நீட்டினான், அக்கா அதில் அடித்து மூன்று வரியையும் சொன்னார். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. மூன்றாவது வரிக்கு வரும்போது ஹாலில் ஒரு சத்தமில்லை.

அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் அந்தச் சத்தியத்துக்குக் காவல் இருக்க வேண்டியிருக்கவில்லை. அக்கா தடுமாறுகிற இடத்தில் ரோக்கே, "அக்கா, எனக்கு என்ன சொன்னீங்க?" என்பான். ஒரு முறை அவனே, "இந்த ஒரு தடவை பரவாயில்ல, நான் விட்டுக்கொடுக்கறேன்" என்றான். அக்கா யோசித்துவிட்டு, "வேண்டாம் தம்பி, நீ விட்டாலும் நான் விடமாட்டேன்" என்றார். கட்டுப்பாடு இரண்டு கேரக்டர்களுக்கு நடுவில் வந்ததும் அது உறவு ஆகிவிடுகிறது.

ஆனாலும் அந்தக் கதையிலும் நான் ஒரு பெரிய தப்புச் செய்தேன். சரணடைந்த ஒரு கூலிப்படைத் தலைவனை அக்கா விட்டுவிட்டார். மூன்று வாரம் கழித்து நான் அவனைத் திரும்பக் கொண்டுவந்து ஒரு கிராமத்தை எரிக்க வைத்தேன். விறுவிறுப்பாக இருந்தது. அதற்கு முன் விட்ட ஒற்றன் காட்டிக்கொடுத்திருந்தான். அதற்கும் முன் விட்டவன் வழியில் குதிரையைத் திருடியிருந்தான். அன்று ஆட்டம் முடிந்து ஷூ மாட்டிக்கொண்டே க்ளெரிக் ஆடியவர், "அண்ணா, இனிமே யாரையும் உயிரோட விடக்கூடாது போல" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்து எண்ணிப் பார்த்தேன். விட்டது ஐந்து பேர். ஐந்து பேருமே பின்னால் கெடுதல் செய்திருந்தார்கள். ஒவ்வொன்றையும் நான் திருப்பம் என்று நினைத்து எழுதியிருந்தேன். மொத்தமாகப் பார்த்தால், இரக்கம் காட்டுகிறவர் ஏமாளி என்று மாதக்கணக்கில் பாடம் நடத்தியிருக்கிறேன். பல டேபிள்களில் பாலடின்கள் முரட்டுத்தனமாக மாறிப்போவதற்கு ஆட்டக்காரர்களைக் குறை சொல்கிறோம். அவர்களுக்கு அப்படிக் கற்றுக்கொடுத்தது பெரும்பாலும் எங்களைப் போன்ற டிஎம்கள்தான்.

அதற்குப் பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தில் உயிரோடு விடப்பட்டவர்களின் பட்டியல் ஒன்று எழுதி வருகிறேன். மூன்றில் ஒருவராவது பின்னால் உதவ வேண்டும் என்று எனக்கே ஒரு விதி. ஒருவன் வேறு ஊரில் டீக்கடை மாதிரி ஒன்று வைத்துப் பிழைத்துக்கொண்டிருப்பான், இவர்களைப் பார்த்ததும் எழுந்து நிற்பான். அவ்வளவு போதும்.

பாலடினுக்கு மட்டும்தான் கட்டுப்பாடு என்ற நினைப்பையும் விட்டுவிட்டேன். எல்லாரையும் பாடாய்ப்படுத்தும் வாக்கியம் ஒன்று உண்டு: "என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்." கேயாட்டிக் நியூட்ரல் என்று எழுதிவிட்டுத் தோழர்களின் பையிலேயே கைவைப்பது. நாங்கள் ஒரு முறை க்ளெரிக்கின் மோதிரம் காணாமல் போய் நான்கு வாரம் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டோம். கதைக்குள் இருந்த சந்தேகம் கதைக்கு வெளியேயும் வந்துவிட்டது. இப்போது திருடன் எடுக்கிற எவரிடமும் முதல் நாளே ஒன்று கேட்கிறேன்: "இவன் யாரிடம் திருடமாட்டான்?" யோசித்துச் சொல்வார்கள். கண் தெரியாதவரிடம், கோவில் உண்டியலில், கூடச் சாப்பிட்டவரிடம். அந்த ஒரு வரியில் எங்கிருந்தோ ஒரு அம்மா வந்துவிடுவாள், ஒரு பசித்த காலம் வந்துவிடும். கேயாட்டிக் நியூட்ரல் என்ற இரண்டு சொல்லில் அது எதுவும் வராது.

பிறவியிலேயே கெட்டவர்கள் என்ற விஷயமும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. 3.5இன் கோப்ளின் பக்கத்தில் "பெரும்பாலும் நியூட்ரல் ஈவில்" என்றுதான் இருக்கும், "எப்போதும்" என்று இல்லை. வேதாளம் பிசாசு வகைக்குத்தான் எப்போதும். ஆனால் அவசரத்தில் அந்தப் "பெரும்பாலும்" யார் கண்ணிலும் படாது. பாலடினுக்கு ஈவில் எங்கே இருக்கிறது என்று உணரும் சக்தி நினைத்தபோதெல்லாம் உண்டு. அதை வைத்துச் சத்திரக்காரரைக்கூட ஒருவன் சோதித்துவிட்டுக் கத்தியை உருவினான். ஒருவரிடம் கெட்ட எண்ணம் இருப்பதும் அவர் இப்போது ஒரு தப்புச் செய்துகொண்டிருப்பதும் வேறு வேறு. பிறப்பை வைத்து ஆளை எடைபோடுவது என்னவென்று நம் ஊரில் பிறந்த யாருக்கும் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. அதைப் பொழுதுபோக்கிலும் எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்? என் உலகத்தில் இப்போது கோப்ளின்களுக்கு ஊர் உண்டு, சந்தை உண்டு, கடன் உண்டு. கெட்டவர்களும் உண்டு, மற்ற ஊர்களில் இருக்கிற அளவுக்கு.

இரண்டு வருடம் முன்பு ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்தேன், மாறனை ஆடியவனை. பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. தலை நரைத்திருந்தது. நலம் விசாரித்து முடித்ததும் நானே எடுத்தேன். "அன்னைக்கு நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்டா. தெரிஞ்சும் பேசாம இருந்தேன். தப்பு என்னோடது" என்றேன். எதைச் சொல்கிறேன் என்று அவன் கேட்கவே இல்லை. கொஞ்ச நேரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"குதிரை போனதுகூடப் பரவாயில்லடா" என்றான். "பாவம் பாவம்னு அவ்வளவு நேரம் வாசிச்சியே. அந்தக் கோப்ளினுக்கு நீ ஒரு பேருகூட வைக்கலையே."

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. உண்மைதான். என் குறிப்பில் அது "கோப்ளின் 4". 5 உயிர்ப்புள்ளி, ஒரு ஈட்டி. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அதை ஒரு உயிராக நானே எழுதாமல், அவன் மட்டும் உயிராகப் பார்த்திருக்க வேண்டும் என்று தண்டித்திருக்கிறேன். ஷீட் இன்னும் என்னிடம் இருப்பதைச் சொன்னேன். போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான். ராத்திரியே அனுப்பினேன். கழுத்துமணிக்குக் கீழே, அப்போது நான் கவனிக்காத ஒரு சின்னக் கன்றுக்குட்டியும் வரைந்திருந்தான்.

இப்போது ஆட்டத்துக்கு முன் தயார் செய்யும்போது, சரணடைய வாய்ப்பிருக்கிற ஒவ்வொருவருக்கும் பெயரும், யாரோ காத்திருக்கும் ஒரு வீடும் எழுதிக்கொள்கிறேன். ஆளுக்கு ஒரு வரிதான். போன வாரம் பாலத்துக்கடியில் ஒரு கோப்ளின் ஈட்டியைக் கீழே போட்டது. நான் வாயைத் திறக்குமுன் பாலடின் ஆடும் பெண் முன்னால் குனிந்து கேட்டாள்: "உன் பேர் என்ன?"

"கிட்டி" என்றேன்.